ஏழாம் நம்பர் மலையில் விழுந்த பிளேன்

பெட்டிக்குள் சாமான் உடையாமல் வைக்கிற வெள்ளை ரெஜிபோம் அட்டைகள் ஒன்றோடொன்று உரசும்போது வருகிற சத்தத்தைக் கேட்டால் பலருக்கும் பல் கூசும், சிலர் காதைக்கூடப் பொத்திக்கொள்வார்கள். எனக்கு மட்டும் அந்தக் ‘கிரீச்’ சத்தம் கேட்டால் மனசு துள்ளும். கடையில் யாராவது புது டிவிப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தால், வந்த வேலையை விட்டுவிட்டு ஒரு நிமிடம் நின்று கேட்டுவிட்டுத்தான் நகர்வேன். நான் ஆறாம் ஆண்டு படித்த வருடம், தைப்பொங்கலுக்கு முதல் நாள், டயகமவுக்கும் மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டு வாசலில், பன்னிரண்டு பிள்ளைகள் ஒருவர் தோளில் ஒருவர் தொங்கிக்கொண்டு பார்த்திருக்க, என் மாமா நசுங்கிய பெட்டி ஒன்றிலிருந்து வெள்ளை வெளேரென்ற ரிமோட் பிளேன் ஒன்றை அந்தச் சத்தத்தோடுதான் வெளியே இழுத்தார்.

ஆனால் அந்தப் பெட்டி எங்கள் லயத்துக்கு வந்து சேர்வதற்கு முன்னால் பெரிய அரசியலே நடந்து முடிந்திருந்தது. அதைச் சொல்லாமல் பிளேனைப் பற்றிச் சொல்ல முடியாது.

மாமா, அம்மாவின் ஒரே தம்பி. கொழும்பில், புறக்கோட்டைப் பக்கம், விளையாட்டுச் சாமான்களை மொத்தமாக விற்கிற கடையொன்றில் வேலை செய்தார். எங்கள் லயத்தில் அப்போது போன் ‘எடுக்காது’. தண்ணித் தாங்கிக்கு மேலே ஒரு மொட்டைக் கல் இருந்தது. அதன் மேல் ஏறி, கொஞ்சம் வடக்குப் பார்த்து நின்றால்தான் எடுக்கும். அதனால் அதற்கு ‘சிக்னல் கல்’ என்றே பெயர் வைத்திருந்தோம். மார்கழி முடியப் போகிற ஒரு சாயங்காலம் நானும் அண்ணனும் அந்தக் கல்லின் மேல் நின்று பேசியபோது மாமா சொன்னார்: “கடையில ரெண்டு சாமான் பெட்டி நசுங்கிக் கெடக்கு. ஒன்னு ரிமோட் பிளேன், ஒன்னு ரிமோட் ஹெலி. மொதலாளி ஒன்ன எடுத்துக்கன்னு சொல்லிட்டாரு. ஒன்னுதான், ரெண்டும் கெடையாது. எது வேணும்னு வெள்ளிக்கெழமைக்குள்ள சொல்லிருங்க.”

வேறு ஊராக இருந்திருந்தால் அண்ணனும் தங்கையும் சண்டை போட்டு, அழுது, அடித்துக்கொண்டு முடிவு பண்ணியிருப்பார்கள். எங்கள் தோட்டத்தில் எந்த விஷயமும் கூட்டம் போடாமல் முடிவானதில்லை. தண்ணிப் பைப் உடைந்தால் கூட்டம், கோயில் திருவிழா வந்தால் கூட்டம், கூரைத் தகரம் பறந்தால் கூட்டம். பெரியவர்கள் அப்படி என்றால் பிள்ளைகள் மட்டும் எப்படி இருப்போம்? மறுநாளே லயத்துக் கடைசியில் அடுக்கியிருந்த விறகுக் குவியலின் மேல் அண்ணன் ஏறி உட்கார்ந்துகொண்டான். மற்ற பதினொரு பேரும் கீழே நின்றோம். என்னைவிட மூன்று வயது மூத்தவனான அவன்தான் எங்களுக்கு நிரந்தரத் தலைவர்; யாரும் தேர்ந்தெடுத்ததாக நினைவில்லை.

“ஹெலிதான்,” என்று எடுத்த எடுப்பிலேயே தீர்ப்புச் சொன்னான். எல்லோரும் தலையாட்டினார்கள். காரணம் இருந்தது. எங்களில் ஒருவரும் பிளேனைப் பக்கத்தில் பார்த்ததில்லை. ஆகாயத்தில் கோடு போட்டுக்கொண்டு போகும், அவ்வளவுதான். ஹெலியை எல்லோரும் பார்த்திருந்தோம். தேர்தல் காலமொன்றில் யாரோ ஒரு பெரிய மனிதர் பாடசாலை மைதானத்தில் ஹெலியில் வந்து இறங்கினார். அந்தக் காற்றில் பெண்களின் குடைகள் எல்லாம் பின்பக்கமாக மடிந்து போயின, கக்கூஸ் கூரையிலிருந்து ஒரு தகரம் கழன்று ஓடையில் விழுந்தது, தலைமை ஆசிரியரின் மேசையில் இருந்த பூமாலை அவர் தலையிலேயே வந்து விழுந்தது. வந்தவர் என்ன பேசினார் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் ஹெலி என்றால் அப்படி இருக்க வேண்டும் என்பது மட்டும் எங்கள் மனசில் பதிந்துவிட்டது.

அண்ணன் சொன்ன இன்னொரு காரணம் அதைவிடப் பலமானது. “பிளேனுக்கு ஓட எடம் வேணும். நம்ம தோட்டத்துல மட்டமா எடம் எங்கடா இருக்கு? ஹெலி நின்ன எடத்துலயே எழும்பும், நின்ன எடத்துலயே எறங்கும். நம்ம வாசலே போதும்.” உண்மைதான். எங்கள் ஊரில் ஒரு கண்ணாடிப் போளையைத் தரையில் வைத்தால் அது உருண்டு தோட்டத்தின் அடுத்த டிவிசனுக்குப் போய்விடும். மட்டமான இடம் என்று இருந்தது விடியக்காலையில் ‘பெரட்டு’க் கூடுகிற, அதாவது தொழிலாளர்கள் வரிசையில் நின்று அன்றைய வேலையைக் கேட்டுக்கொள்கிற, களம் ஒன்றுதான். அங்கே பிள்ளைகள் விளையாடினால் தோட்ட வேலையை மேற்பார்க்கிற ‘கண்டாக்கு’ ஐயா கம்பைத் தூக்கிக்கொண்டு வருவார்.

எனக்கோ பிளேன்தான் வேண்டும் என்றிருந்தது. நியாயமான காரணம் எதுவும் என்னிடம் இருக்கவில்லை. ஒரு பெரிய குறைதான் இருந்தது. கிரிக்கெட் மட்டை வந்தபோது அது அண்ணன் கைக்குப் போனது. பழைய சைக்கிள் ஒன்று வந்தபோதும் அப்படித்தான். நான் பந்து பொறுக்குவேன், சைக்கிளைப் பின்னாலிருந்து தள்ளுவேன், பட்டம் ஏற்றினால் நூல் கண்டைப் பிடிப்பேன். கேட்டால் அம்மாவே, “பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு அதெல்லாம், ஒடச்சிப்புட்டு வந்து நிப்ப” என்பார். ஹெலி வந்தால் ரிமோட் யார் கையில் இருக்கும், அது போய் விழுந்தால் யார் ஓடிப்போய் எடுக்க வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அந்த ரிமோட் என் கைக்கு வர வேண்டும் என்றால் அண்ணன் கேட்டது வரக்கூடாது. பத்து வயசுக்கு எனக்கு அந்த அளவு அரசியல் புரிந்திருந்தது.

“பிளேன் வந்தா மொதல்ல ரிமோட்டு எனக்கு. சரியா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். பிளேன் வரவே வராது என்ற தைரியத்தில் அண்ணன், “சரி, எடுத்துக்க,” என்று சிரித்தான். வாக்கெடுப்பு வியாழக்கிழமைக்குத் தள்ளிப்போனது.

புதன்கிழமை நான் தனியாகப் போனை எடுத்துக்கொண்டு சிக்னல் கல்லில் ஏறினேன். “மாமா, புதுசா ஓட்டப் பழகுறவங்களுக்கு எது மாமா லேசு?” என்று கேட்டேன். மாமா கடைக்காரர் குரலில் பேச ஆரம்பித்துவிட்டார். “ஹெலிய ஒரே எடத்துல நிப்பாட்டி வைக்கிறதே கஷ்டம் பாப்பா. ரெண்டு கையும் ரெண்டு வேல பாக்கணும். ஒரு செக்கன் அசந்தா கல்லு மாதிரி விழுந்துரும். இது சின்னது வேற, வீட்டுக்குள்ள ஓட்டுற சாமான். வெளிய கொண்டு போனா நம்ம மலைக் காத்து தூக்கிட்டுப் போயிரும், வெயில் அடிச்சா ரிமோட்டு சொல்றதும் அதுக்குக் கேக்காது. பிளேன் அப்படி இல்ல. கைய விட்டாலும் அது பாட்டுக்கு மெதுவா எறங்கும். ஆனா எறங்க எடம் வேணுமே, நம்ம தோட்டத்துல எங்க போறது?”

நான் கல்லின் மேல் நின்றபடியே கீழே பார்த்தேன். எங்கள் தேயிலை மலைகளுக்கு நம்பர்தான் பெயர்; ஏழாம் நம்பர் மலை முழுக்கத் தெரிந்தது. அன்றைக்குத்தான் கொழுந்து எடுத்து முடித்திருந்தார்கள். தேயிலையின் மட்டம் தவறக்கூடாது என்பதற்காகப் பெண்கள் செடிகளின் மேல் ஒரு கம்பை வைத்துப் பார்த்துத்தான் கொழுந்து கிள்ளுவார்கள். கீழே மண் சரிந்திருந்தாலும் மேலே தேயிலை சீவிவிட்ட தலைமுடிபோல ஒரே சீராக இருக்கும். இவ்வளவு நாளும் தரையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். “இருக்கு மாமா,” என்றேன். “தேயில மேலேயே எறக்கலாம். மெத்த மாதிரி இருக்கு.” மாமா, “அடி கெட்டிக்காரி,” என்றார்.

வியாழக்கிழமை கூட்டத்தில் நான் விறகுக் குவியலில் ஏறவில்லை, கீழே நின்றே பேசினேன். நம்ம ஒற்றை அறைக் காம்பராவுக்குள் ஹெலி பறந்தால் முதலில் கொடியில் காய்கிற துணியில் மாட்டும், பிறகு அடுப்பில் விழும் என்று விளக்கினேன். தேயிலை மெத்தையைப் பற்றிச் சொன்னேன். அதிலும் மசியாதவர்களுக்கு ஆளுக்கு ஒரு தரம் ரிமோட் தருவதாக வாக்குறுதி கொடுத்தேன். அதுவரை எந்தத் தலைவரும் அவர்களுக்கு அப்படி ஒன்றைக் கொடுத்ததில்லை. கையைத் தூக்கச் சொன்னபோது பிளேனுக்கு ஏழு, ஹெலிக்கு ஐந்து. அண்ணன் இரண்டு தரம் எண்ணிப் பார்த்தான்.

அப்படித்தான் அந்தப் பெட்டி பொங்கலுக்கு முதல் நாள் எங்கள் வீட்டுக்கு வந்தது. என் முழங்கை நீளத்துக்கு வெள்ளை உடம்பு, இறக்கையில் ஒரு நீலக் கோடு, இரண்டு பக்கமும் குட்டி விசிறிகள். ரிமோட்டில் இரண்டு குச்சிகள். இடது பக்கக் குச்சி வேகத்துக்கு, வலது பக்கக் குச்சி திரும்ப. மாமா அதை எல்லோர் முன்னாலும் என் கையில் வைத்தார். அது எவ்வளவு இலேசாக இருந்தது என்பதை என் உள்ளங்கை இன்னும் மறக்கவில்லை. அன்றைக்கு இரவு அதைச் ‘சார்ஜ்’ போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டேன்.

பொங்கல் அன்று பானை பொங்கி, எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் நாங்கள் கிளம்பினோம். வாசலில் அம்மா வழியை மறித்து நின்றார். “புது வாகனம், பூச போடாம எங்க கொண்டு போறீங்க?” மாமா சிரித்துக்கொண்டே, “அக்கா, இது வெளையாட்டுச் சாமான்,” என்றார். அம்மா அசையவில்லை. “லொறிக்குப் போடுறாங்க, பஸ்ஸுக்குப் போடுறாங்க. ரோட்டுல போறதுக்கே போடுறாங்கன்னா, ஆகாசத்துல போறத சும்மா விடுவாங்களா?” மாமா பிளேனை அம்மாவிடமே கொடுத்துவிட்டார். உள்ளுக்குள் நானும் அதைச் சரி என்றுதான் நினைத்தேன்.

சுளகில் பிளேனைக் கிழக்குப் பார்த்து வைத்தார்கள். செய்தி லயம் முழுக்கப் பரவி, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பெண்கள் வந்துவிட்டார்கள். அம்மா பிளேனின் மூக்கில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். வந்தவர்கள் சும்மா நிற்பார்களா? ஆளுக்கொரு பொட்டு வைத்தார்கள். எல்லோரும் வாசல் பக்கமாக நின்றதால் எல்லாச் சந்தனமும் அந்தப் பக்கத்து இறக்கைக்கே போனது. எங்கள் பெண்கள் சந்தனம் வைத்தால் விரலால் தொட்டு வைக்கிற பழக்கம் இல்லை, அள்ளி அப்புகிற பழக்கம். பிறகு கற்பூரம் கொளுத்தினார்கள். “அக்கா, நெருப்பத் தள்ளிக் காட்டுங்க, உருகிரும்,” என்று மாமா பிளேனைப் பின்னால் இழுத்தார். கடைசியாக அம்மா ஒரு எலுமிச்சம்பழத்தையும் மூன்று காய்ந்த மிளகாயையும் கறுப்பு நூலில் கோத்து, விசிறியில் படாமல், மூக்கில் கட்டினார். “அக்கா, பாரம்,” என்று மாமா மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். தாய் தகப்பன் இல்லாத காலத்தில் அவரைத் தூக்கி வளர்த்தவர் அம்மா. “சின்னப் பழமாத்தான் கட்டியிருக்கேன்,” என்று அம்மா சொன்னதோடு பேச்சு முடிந்தது.

சிக்னல் கல்லில் நான் ரிமோட்டோடு நின்றேன். லயமே கீழே நின்று அண்ணாந்து பார்த்தது. மாமா பிளேனைத் தலைக்கு மேல் தூக்கி, “வேகத்தக் கூட்டு பாப்பா,” என்று சொல்லி எறிந்தார். அது பறந்தது. இரண்டு செக்கன் பறந்தது என்று இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன். பிறகு எலுமிச்சம்பழம் மூக்கைக் கீழே இழுத்தது, சந்தனம் இடது பக்கமாகச் சாய்த்தது. நான் வலது பக்கக் குச்சியைத் திருப்பத் திருப்ப அது என் பேச்சைக் கேட்காமல், மிளகாய்கள் ஆட, பெரிய வட்டம் ஒன்று போட்டுக்கொண்டு, ஏழாம் நம்பர் மலைக்குள் போய் இறங்கியது. மெத்தை என்று நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் மெத்தைக்குள் போன சாமான் வெளியில் தெரியாது என்பதை நான் யோசித்திருக்கவில்லை.

தேடினோம். தேயிலைக்குள் கண்டபடி புகுந்து கிளையை முறிக்கக் கூடாது என்பது எங்களுக்குப் பிறந்தபோதே தெரிந்த சட்டம். நெரைக்கு நெரை, வரிசை வரிசையாக, இடுப்புயரச் செடிகளுக்கு நடுவே ஆள் போகிற இடைவெளியில் மட்டும் குனிந்து நடந்தோம். இலைக்குள் இலைதான் தெரிந்தது. பனி இறங்கத் தொடங்கியதும் பெரியவர்கள் கூப்பிட்டுவிட்டார்கள். மறுநாளும் தேடினோம். அதற்கு அடுத்த நாள் மாமாவுக்கு லீவு முடிந்தது. பஸ்ஸுக்குப் போகும் முன் ரிமோட்டையும் சார்ஜரையும் என்னிடம் தந்து, “வச்சிக்க, கெடச்சா ஓட்டலாம்,” என்றார். அவர் குரலில் நம்பிக்கை இருக்கவில்லை.

அண்ணன் கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. விறகுக் குவியலில் ஏறி உட்கார்ந்து, சாதாரணமாக, “ஹெலியா இருந்தா நின்ன எடத்துலயே விழுந்திருக்கும்,” என்றான். எனக்குக் கை தூக்கிய ஏழு பேரில் ஆறு பேர் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். ஏழாவது ஆள் நான்தான். நல்லது எதையும் பெண் பிள்ளை கையில் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் ஆமாம் போட்டார்கள். நூல் கண்டு பிடிக்கிற வேலைகூட இனிக் கிடைக்காது போலிருந்தது. அன்றைக்குக் குளிக்கிற பீலிக்கரையில் தண்ணீர் சத்தத்தில் யாருக்கும் கேட்காமல் நன்றாக அழுதேன்.

அம்மாவுக்குத் தன் எலுமிச்சம்பழத்தின் மேல் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டே, “ஏழாம் நம்பருக்குக் கொழுந்தெடுக்கப் போவோம்ல, அப்பத் தேடலாம்,” என்று மட்டும் சொன்னார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மலைகளெல்லாம் முறை வைத்து மாறி மாறி வரும். ஒரு மலையில் கொழுந்து எடுத்தால் மறுபடி தளிர் வந்ததும் அதே மலைக்குத் திரும்பி வருவார்கள். நாற்பது பெண்கள் நெரை பிடித்து, ஒரு செடி விடாமல் கையால் தடவிக்கொண்டு போவார்கள். அந்த எண்பது கைகளுக்குத் தப்பி அந்த மலையில் எதுவும் கிடக்க முடியாது. ஆனால் தை மாதக் குளிரில் தளிர் சீக்கிரம் வராது. மழைக்காலத்தில் ஏழு நாளில் திரும்புகிற மலைக்கு அப்போது இரண்டு வாரத்துக்கு மேல்கூட ஆகும்.

அந்த நாட்களில் நான் தோட்டத்துத் துரையைவிடக் கவனமாகக் கொழுந்தின் வளர்ச்சியைப் பார்த்தேன். சாயங்காலம் அம்மா வந்து, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்க்கும் முன்பே, “இன்னைக்கு எந்த மல?” என்று கேட்பேன். மூணாம் நம்பர். நாலு. நாலில் பாதி மிச்சம். அஞ்சு. காலையில் தேயிலை மேல் வெள்ளையாக உறைந்திருக்கிற பனியைப் பார்க்கும்போது, தளிர் கருகிவிடுமோ, மலை இன்னும் பிந்துமோ என்று பயமாக இருக்கும். ஒரு நாள் காலையில் சிக்னல் கல்லில் ஏறிப் பார்த்தபோது ஏழாம் நம்பரில் இளம்பச்சை லேசாகத் தூக்கியிருந்தது. அதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்ட பிள்ளை அந்தத் தோட்டத்தில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

பொங்கல் கழிந்து பதினோராம் நாள் பெரட்டில் ஏழாம் நம்பர் என்று சொன்னார்கள். பாடசாலையில் ஆசிரியர் எழுதிய எதுவும் எனக்குத் தெரியவில்லை. மணி அடித்ததும் பையோடு கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கே ஓடினேன். பெண்கள் சாக்குகளை இறக்கி வரிசையில் நின்றார்கள். அம்மாவின் முகத்தில் ஒன்றையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் முறை வந்து சாக்கைத் தராசில் மாட்டியபோது கணக்கப்பிள்ளை ஐயா குனிந்து உள்ளே பார்த்தார். கொழுந்துக்கு நடுவிலிருந்து ஒரு வெள்ளை மூக்கு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, “பார்வதி, இது எந்தச் சாதித் தேயில?” என்று கேட்டார். மடுவமே சிரித்தது. அம்மா, “புதுசாப் போட்டிருக்காங்கய்யா, எறக்கையோட வருது,” என்று சொல்லி அதை உருவி என் கையில் கொடுத்தார். நூல் அறுந்து எலுமிச்சம்பழம் எங்கோ விழுந்திருந்தது. சந்தனம் முழுவதையும் பனி கழுவியிருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மாவோடு வேலை செய்த மாரியாயி அக்கா ஒரு விஷயம் சொன்னார். பிளேன் விழுந்த பக்கம், சிக்னல் கல்லுக்குக் கீழே இருக்கிற ஓர நெரையில் கொழுந்து குறைவு, அதனால் சம்பளமும் குறைவு. யார் பேருக்கு அது விழுந்தாலும் முகத்தைச் சுளிப்பார்கள். “ஒங்கம்மா கங்காணிக்கிட்ட அவளாக் கேட்டு அந்த நெரைய வாங்குனா பாப்பா. நாங்க எல்லாம் இவளுக்கு என்னமோ ஆயிருச்சின்னு பாத்தோம்.” அம்மா முன்னால் வேகமாக நடந்துகொண்டிருந்தார், கேட்காததுபோல.

ஞாயிற்றுக்கிழமை, பூசை எதுவும் இல்லாமல், மறுபடி சிக்னல் கல். இந்த முறை எறிந்தது அண்ணன். நான் வேகத்தைக் கூட்டினேன். பிளேன் நேராகப் போனது, போய்க்கொண்டே இருந்தது. வலது பக்கக் குச்சியை மெல்லத் தொட்டேன், அது மெல்லத் திரும்பியது. நான் சொல்வதை ஒரு சாமான் கேட்டது அதுதான் முதல் தடவை. லயத்துக் கூரைகளுக்கு மேலே, கோயில் மரத்துக்கு மேலே, ஏழாம் நம்பர் முழுவதையும் சுற்றி வந்தது. கீழே பிள்ளைகள் அதன் நிழலைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள். அண்ணன் என் பக்கத்தில் நின்று வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். “கெட்டியாப் புடிச்சிக்க, விட்றாத,” என்று மட்டும் சொன்னான். எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

அப்போது அம்மா கல்லின் மேல் ஏறி வந்தார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே, “எங்க, நான் ஒருக்கா புடிச்சிப் பாக்கட்டா?” என்று கேட்டார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ஒனக்குத் தெரியாதும்மா, ஒடச்சிருவ,” என்றேன். அம்மா, “அதுவும் சரிதான்,” என்று சிரித்துவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து பார்த்தார்.

வாக்குறுதி கொடுத்திருந்தபடி பதினொரு பேருக்கும் ஆளுக்கு ஒரு தரம் கொடுத்தேன். எனக்கு எதிராகக் கை தூக்கிய ஐந்து பேருக்கும் சேர்த்துத்தான். பதினோராவது ஆள் அதைத் தண்ணித் தாங்கிச் சுவரில் மோதினான், இறக்கை இரண்டாகப் போனது. ஒருவரும் அழவில்லை. அதற்குப் பிறகு லயத்தில் எது வந்தாலும் என்னையும் கேட்டார்கள், மட்டையும் என் கைக்கு வந்தது. நான் ஜெயித்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில், ரிமோட் ஒருத்தருக்கு மட்டும் கொடுக்கப்படவில்லை என்பது எனக்குப் பல வருடங்கள் உறைக்கவே இல்லை. உறைத்த பிறகு அதை நினைக்கும்போதெல்லாம் வெட்கமாக இருக்கும்.

இப்போது நான் கொட்டகலைப் பக்கம் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். அண்ணன் கொழும்பில். அம்மா வேலையிலிருந்து நின்றுவிட்டார், ஆனால் தோட்டத்தை விட்டு வரமாட்டேன் என்கிறார். எங்கள் பழைய லயத்தை இடித்துவிட்டார்கள், அந்த இடத்தில் தனித்தனி வீடுகள் இருக்கின்றன. அதில் எனக்கு வருத்தமில்லை, மழைக்கு ஒழுகாத கூரை நல்ல விஷயம்தான். போன் இப்போது அடுப்படியிலேயே எடுக்கிறது. ஆனால் ஏழாம் நம்பர் மலையை ஆள் போதாமல் கைவிட்டுவிட்டார்கள். கவ்வாத்து வெட்டாத தேயிலை ஆளுயரத்துக்கு மேல் மரமாகி, நடுவே மானாப்புல் மண்டிக் கிடக்கிறது. மலைக்கு வந்து நெரை பிடிக்க அந்த நாற்பது பெண்களும் இல்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போகும் முன் நுவரெலியாவில் கடையொன்றில் ஏறினேன். “டிரோன் இருக்கு மிஸ், லேசா ஓட்டலாம், அதுவே நிக்கும்,” என்று கடைக்காரப் பையன் காட்டினான். பிளேன்தான் வேண்டும் என்றேன். மறுநாள் சிக்னல் கல்லில் அம்மா, அண்ணன், நான் மூன்று பேரும் ஏறினோம். அண்ணனுக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது, ஆனாலும் கை பழையபடி ரிமோட்டுக்கு நீண்டது. நான் அதை அம்மாவிடம் கொடுத்தேன். “எனக்கெதுக்குடி,” என்று சொல்லிக்கொண்டே வாங்கிக்கொண்டார். எந்தக் குச்சி எதற்கு என்று சொன்னேன், இரண்டு தரம் கேட்டுக்கொண்டார். அண்ணன் எறிந்தான்.

தேயிலை பறித்துக் காய்த்துப்போன அந்த இரண்டு பெருவிரல்களும் குச்சிகளைப் பட்டும் படாமலும் தொட்டன. பிளேன் உயர்ந்தது, திரும்பியது, கீழே வந்தது, மறுபடி உயர்ந்தது. அம்மா அண்ணாந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, சின்னப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். “திருப்புங்கம்மா, திருப்புங்க,” என்று அண்ணன் கத்தினான். அம்மா திருப்பவில்லை. தூரமாகப் போகவிட்டுப் பார்த்தார். அது ஏழாம் நம்பர் காட்டின் நடுவே போய் மறைந்தது.

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான். இனி யார் போய் எடுப்பது, அதற்குள் பாம்பு கிடக்கும், பன்றி கிடக்கும் என்று புலம்பினான். அம்மா ரிமோட்டை என்னிடம் நீட்டாமல் இரண்டு கையாலும் பிடித்தபடி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கெடந்துட்டுப் போகுது, விடுடா,” என்றார். “நான் ஓட்டிட்டேன்ல.”